நேற்று கொழுந்தெடுத்த மலையில் ஒரு ஜெப நாள்

இந்த ஆகஸ்ட் விடுமுறையில் நான் மலைநாட்டுக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. ஊர் எனக்குத் தெரியும். டிக்கோயாவுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் நான். கொழும்பில் இருபது வருடத்துக்கு மேலாகக் கணக்கு டீச்சர். வார இறுதிகளில் படித்துப் போதகர் பயிற்சியையும் முடித்திருக்கிறேன். முடித்த கையோடு திருச்சபையில் ஒன்று கேட்டார்கள். நான் பிறந்த அதே தோட்டத்திலும் பக்கத்து இரண்டு தோட்டங்களிலுமாக மூன்று சிறிய ஆலயங்கள் போதகர் இல்லாமல் கிடக்கின்றன, போக முடியுமா என்று. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

சரி என்று வாய் வரைக்கும் வந்தது, ஆனால் சொல்லவில்லை. காரணம் ஒரு கதவுதான். லயத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒட்டி ஒட்டி வரிசையாக இருக்கும் ஒற்றை அறை வீடுகள். அந்த அறையை நாங்கள் காம்பரா என்போம். பக்கத்துக் காம்பராவில் ஒருவர் இருமினால் இந்தப் பக்கம் இருப்பவர் தண்ணீர் எடுக்க எழும்புவார். கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஜெபிக்கச் சொன்னார் ஆண்டவர். எங்கள் வீட்டில் கதவைச் சாத்தினால் உள்ளே ஏழு பேர் இருப்போம். அம்மா முந்தானையை இழுத்துத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு அடுப்புப் பக்கம் உட்கார்ந்துவிடுவார், அவ்வளவுதான் அவருடைய தனியறை. கொழும்பில் முதல் சம்பளத்தில் வாடகைக்கு ஓர் அறை எடுத்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டபோது எனக்கு அழுகையே வந்தது.

பேசிப் பேசியே உள்ளுக்குள் வற்றிப்போன போதகர்களை நான் பார்த்திருக்கிறேன். நாள் முழுக்க மற்றவர்களுக்குக் கொடுக்கிறவர்களுக்குத் தனியாக உட்கார்ந்து நிரம்புவதற்கு ஓர் இடம் வேண்டும். அதனால் இந்தப் பயணத்துக்கு ஒரே கேள்விதான். அந்த மலையில் ஒரு மனுஷி தனியாக உட்கார்ந்து ஜெபிக்க இடம் கிடைக்குமா? கிடைத்தால் போவேன், கிடைக்காவிட்டால் மாட்டேன் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் பஸ் ஏறினேன். இதே தேடலில் இருக்கும் வாசகர்கள் சிலர் வழி கேட்டிருந்ததால் விவரமாகவே எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறேகாலுக்குக் கொழும்பில் நுவரெலியா பஸ். கண்டி வழியாகப் போகும், ஏறக்குறைய 180 கிலோமீட்டர், ஏழு மணி நேரம் பிடித்தது. நான் கொடுத்தது 870 ரூபாய், நீங்கள் போகும்போது மாறியிருக்கலாம். இடது பக்க ஜன்னலுக்கு அடித்துப் பிடியுங்கள். இறம்பொடையில் தேநீருக்கு நிறுத்தினார்கள். ஒரு பக்கம் அருவி, மேலே அனுமார் கோயில், சுற்றிலும் தேயிலை. பக்கத்து சீட்காரர் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, இயற்கை என்றால் இதுதான் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. இயற்கை கொடுத்தது மலையை மட்டும்தான், காட்டை வெட்டி, கல்லை அடுக்கி, தண்ணீர் வடியக் கான் வெட்டி, ஒவ்வொரு கன்றாக நட்டது எங்கள் ஆட்கள் என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு நுவரெலியா வரைக்கும் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

நுவரெலியாவில் ஒரு தியான இல்லத்தில் தங்கினேன். இரவுச் சாப்பாட்டோடு 7,500 ரூபாய். மாதம் ஒரு தடவை இங்கே வந்து ஜெபித்துவிட்டுப் போனால் போதுமே என்று முதலில் ஒரு யோசனை இருந்தது. இடம் துப்புரவு, சூப் நன்றாக இருந்தது, கம்பளி இரண்டு கொடுத்தார்கள், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் பக்கத்து விடுதியில் ஏதோ ஓர் அலுவலகத்து ஆட்கள் சுற்றுலா வந்திருந்தார்கள். சாயங்காலம் ஆறரைக்கு ஸ்பீக்கர் பெட்டியைத் திறந்தார்கள். பாடியவருக்குச் சுருதி என்று ஒன்று இருப்பதே தெரியாது, ஆனால் மனுஷன் அசரவில்லை. இல்லத்தைப் பார்த்துக்கொள்கிறவரிடம் போய்க் கேட்டேன். ஆகஸ்டில் இப்படித்தான் மிஸ், ஏப்ரலில் வந்தால் இதைவிட மோசம் என்று சிங்களத்தில் ஆறுதல் சொன்னார். கம்பளிக்குள் முழங்காலிட்டுப் பார்த்தேன். வாயில் ஜெபம், தலைக்குள் அந்தப் பாட்டு. மாதாமாதம் இதற்கு 7,500 என்னால் முடியாது.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு ஹட்டன் பஸ். தலவாக்கலை வழியாக 45 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். ஹட்டனிலிருந்து தோட்டத்துக்கு ஓர் ஆட்டோ பிடித்தேன், 1,300 ரூபாய். ஓட்டியவர் என் பையைப் பார்த்துவிட்டு என்ன காரியமாக வந்தேன் என்று விசாரித்தார். ஜெபம் பண்ண அமைதியான இடம் தேடி வந்திருக்கிறேன் என்றேன்.

"அமைதியாவா அக்கா? டிக்கோயா ஆஸ்பத்திரில வார்டுல சத்தம் போட விட மாட்டாங்க."

"அப்ப அங்க போகலாமா?"

"போன வாரம் சொல்லியிருக்கலாம். இப்ப எங்க மாமியாரை அங்கதான் வச்சிருக்கு."

தோட்டத்தில் நான் தங்கியது பார்வதி வீட்டில். ஐந்தாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். இன்று அவள் கொழுந்தெடுக்கும் பெண்கள் கூட்டத்துக்குக் கங்காணி. எங்கள் அம்மாமார் குனிந்து கொழுந்தெடுக்க, ஆண்கள் மட்டுமே நின்று அதட்டிய இடத்தில் இப்போது என் சிநேகிதி நிற்கிறாள். இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. அவள் இந்து. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுக்கிறவள். நான் போதகராகப் போகிறேன் என்று போனில் சொன்னபோது, "சின்ன வயசுலயே நீ எல்லாருக்கும் புத்தி சொல்லிக்கிட்டுத்தானே திரிவ, இப்ப அதுக்குச் சம்பளமா?" என்று கேட்டவளும் அவள்தான்.

வந்ததும் போதகருக்கென்று இருக்கும் வீட்டைப் போய்ப் பார்த்தேன். லயத்தின் கடைசிக் காம்பராவோடு ஒட்டிக் கட்டியது. இரண்டு அறை, தகரக் கூரை, பரவாயில்லை. அறை நடுவில் நின்று கண்ணை மூடி, "ஆண்டவரே" என்று மெதுவாகத்தான் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், "போதகரம்மாவா? தேத்தண்ணி ஊத்தவா?" என்று கேட்டது. ஊற்றிக் கொடுத்தார்கள், இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள், குடித்தேன். குடித்துக்கொண்டே, இந்த வீட்டில் ஒரு நாளும் ஜெபிக்க முடியாது என்று மனதுக்குள் எழுதிவைத்துக்கொண்டேன்.

ஆனால் எனக்கு ஒரு வழி தெரியும் என்ற நம்பிக்கை இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் ஒவ்வொரு பகுதியையும் ஒரு மலை என்று நம்பர் போட்டுச் சொல்வார்கள். ஒரு மலையில் கொழுந்தெடுத்தால் செடி மறுபடி தளிர்க்க ஏழெட்டு நாள் ஆகும், அதுவரை அந்த மலையில் பெண்களுக்கு வேலை இல்லை. ஆகவே நேற்று எடுத்த மலையில் இன்று ஆள் இருக்காது. அம்மா வேலை முடிந்த மாலைகளில் முதல் நாள் எடுத்த மலையாகப் பார்த்துப் போய், பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து ஜெபித்துவிட்டு வருவார். அவர் முகம் கழுவின மாதிரித் திரும்பி வருவது எனக்கு நினைவிருக்கிறது. மலைகளின் வரிசை எனக்கு மனப்பாடம். பார்வதியிடம் கேட்டிருக்கலாம். கணக்கு டீச்சர் எதற்குக் கேட்க வேண்டும்? நானே கணக்குப் போட்டேன்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒன்பதாம் நம்பர் மலைக்கு ஏறினேன். பனிமூட்டம், தூறல், ஒரு ஈ காக்கை கிடையாது. பாறைக்குப் பின்னால் ரப்பர் சீட்டை விரித்து முழங்காலிட்டு, தலையைத் தாழ்த்தி நெற்றியைப் பாறையில் சாய்த்தேன். ஆகா, கிடைத்துவிட்டது என்று நினைத்துப் பத்து நிமிஷம் இருக்காது. முகத்தில் சளீரென்று தண்ணீர் அடித்தது. கண்ணைத் திறந்தால் என்னைச் சுற்றி ஐம்பது அறுபது பெண்கள், இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்கும் தலையில் கொழுந்துப் பையுமாக.

"மயங்கிக் கெடக்காங்க, தூக்குங்கடி."

"யாரு இது? கொழும்பு ஆளு மாதிரி இருக்கு."

"சாப்புடாம வந்திருப்பாங்க. அந்த ரொட்டிய எடு."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு பார்வதி வந்தாள். "அடி எஸ்தரு, இங்க என்னாடி பண்ற?"

என் கணக்கு எங்கே தப்பியது என்றால், நான் சிறுமியாக இருந்தபோது இருந்த ஆட்களில் பாதிகூட இன்று இல்லை. பல பெண்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். கீழே இரண்டு மலை காடாகிவிட்டது. அதனால் சுற்று நீண்டு, வரிசையே மாறிப்போயிருந்தது. ஜெபம் பண்ணத்தான் வந்தேன் என்று விளக்கினேன், யாரும் நம்பவில்லை. எங்கள் லயத்தில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தால் ஒன்று உடம்புக்கு முடியவில்லை, இல்லாவிட்டால் வீட்டில் சண்டை. மூன்றாவதாக ஒரு காரணம் யாருக்கும் தெரியாது. வேலை போய்விட்டதா என்று ஒருத்தி கேட்டாள். யாரும் ஏமாற்றிவிட்டார்களா என்று இன்னொருத்தி. மனசு சரியில்லாத நேரத்தில் தனியாக இருந்தால் கெட்ட எண்ணம் வரும் என்று சொல்லி, ஓர் அம்மா தன் வேலையை விட்டுவிட்டு என் பக்கத்திலேயே உட்காரப் போனார். அவர் வாங்குவது எடுத்த கொழுந்துக்குச் சம்பளம், அதையும் விட்டுவிட்டு. எரிச்சலும் வந்தது, அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளவும் தோன்றியது. ரொட்டியையும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலையும் தின்றுவிட்டு இறங்கினேன்.

சாயங்காலம் பார்வதி கால் கழுவிக்கொண்டே கேட்டாள். "நெசமாவே ஜெபம் பண்ணத்தானா?"

"வேற என்னாத்துக்கு?"

"வீட்டுல ஒக்காந்து பண்ணா சாமிக்குக் கேக்காதா?"

"சாமிக்குக் கேக்கும். எனக்குத்தான் சாமி சொல்றது கேக்க மாட்டேங்குது. ஒங்க சத்தத்துல."

அவள் சிரிக்கவில்லை. நான் எதற்காக வந்தேன், ஞாயிற்றுக்கிழமை என்ன பதில் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அப்போதுதான் அவளிடம் முழுதாகச் சொன்னேன். இடம் கிடைக்காவிட்டால் வரமாட்டேன் என்பதையும் சொன்னேன். "ஒம்போதுல நாங்க இன்னைக்கு எடுத்து முடிச்சாச்சு. நாளைக்கு அதுக்கு மேல பதினொன்னு. நீ அதே பாறைக்கே போ. அந்த வாகை மரத்துப் பக்கம் மட்டும் போயிராத, குளவிக்கூடு இருக்கு" என்றாள்.

வெள்ளிக்கிழமை அதே பாறை. முதல் நாள் கை பட்ட செடிகள் மட்டமாக, வெட்டிச் சீவினது போல நின்றன. கிள்ளிய காம்பின் வாசம் இன்னும் இருந்தது. கீழே ஓடைச் சத்தம், மேலே பனிமூட்டம். காலில் அட்டை ஏறியது, சவர்க்காரம் தடவியிருந்ததால் விழுந்தது. முதல் ஒரு மணி நேரம் நான் ஆண்டவரிடம் சண்டைதான் போட்டேன். பெரிய மனுஷி மாதிரி நிபந்தனை எல்லாம் வைத்தேன். பிறகு சொல்ல ஒன்றும் மிச்சம் இல்லாமல் வாய் ஓய்ந்தது. அப்புறம் வெறுமனே இருந்தேன். பல வருடமாக எனக்கு அப்படி ஓர் அமைதி கிடைத்ததில்லை, கொழும்பில் தாழ்ப்பாள் போட்ட அறையிலும் கிடைத்ததில்லை. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், பதில் என்று எதுவும் கேட்கவில்லை. இன்றைக்கு ஒரு நாள் கிடைத்தது, ஒவ்வொரு வாரமும் கிடைக்குமா என்ற பயம்தான் மிஞ்சியது.

தேயிலைத்தூள் ஆக்கும் ஸ்டோரில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியபோதுதான் ஒன்று உறைத்தது. பதினொன்றாம் மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை நான் உட்கார்ந்திருந்த பாறையை உரசிக்கொண்டுதான் போகிறது. பகல் நிறுவைக்கு அத்தனை பேரும் அந்நேரம் என்னைக் கடந்து போயிருக்க வேண்டும். ஒருத்தியும் வரவில்லை. பேச்சுச் சத்தம்கூட இல்லை. அந்தப் பெண்கள் வாய் மூடி நான் பார்த்ததே கிடையாது. ஏதாவது குளவி கிளம்பிவிட்டதோ என்று சீட்டைச் சுருட்டிக்கொண்டு மடுவத்துக்கு ஓடினேன்.

மடுவத்தில் தராசு தொங்கியது, லொறி நின்றது, பெண்கள் இல்லை. வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தரை எங்கள் பக்கம் கண்டாக்கையா என்பார்கள். அவர் மணியைப் பார்த்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். இருபது நிமிஷம் கழித்து வந்தார்கள். மலைப் பக்கமாக அல்ல, எதிர்ப்பக்கம், லொறி போகும் ரோட்டில். அது மலையைச் சுற்றிக்கொண்டு வருவது, ஒரு கிலோமீட்டருக்கு மேல் கூட, நடுவில் ஓர் ஏற்றமும் உண்டு. நனைந்த கொழுந்து காய்ந்ததைவிட இரட்டிப்புப் பாரம். அதைத் தலையில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, வரிசையாக வந்தார்கள். முன்னால் பார்வதி.

"என்னா பார்வதி இது, லொறி எவ்வளவு நேரம் நிக்கிறது?" என்றார் கண்டாக்கையா.

"ஒம்போதுல ஆளு ஜெபத்துல இருக்குங்கய்யா. சாமி கும்பிடுற எடத்துக்குக் குறுக்க எப்புடிங்க போறது? சுத்தி வந்தோம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தராசுப் பக்கம் திரும்பி, "முதல் ஆளு வாங்க" என்றார்.

நான் அங்கேயே நின்று அழுதேன். வெட்கப்படவில்லை. அந்தக் கூட்டத்தில் கிறிஸ்தவர்கள் நான்கைந்து பேர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் எல்லோரும் மாரியம்மனுக்கும் முருகனுக்கும் விளக்கு வைக்கிறவர்கள். பேசாமல் இருக்கச் சொல்லி அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் காம்பராவில் அம்மா முந்தானையைத் தலையில் போட்டதும் அத்தனை பேரும் குரலைத் தாழ்த்துவோம். எட்டு வயதில் நானும் தாழ்த்தினேன். தனியாக இருக்க இடமே இல்லாத ஆட்கள்தான் அடுத்தவருக்கு இப்படி இடம் விடத் தெரிந்தவர்கள். இந்த ஆட்களுக்குள் பிறந்தவள் நான் என்று அன்றைக்கு நினைத்த மாதிரிப் பெருமையாக வேறு எந்த நாளும் நினைத்ததில்லை.

நிறுவை முடிந்ததும் பார்வதி படங்கை அவிழ்த்து உதறினாள். "அழுதது போதும். எங்களுக்கும் சேத்து ரெண்டு வார்த்த சொன்னியா?"

"இல்லடி, மறந்துட்டேன். நாளைக்கு மறந்துராம சொல்றேன்."

"அட்டை கடிக்கக் கூடாதுன்னு சொல்லு."

"அது நடக்காதுடி."

"அப்ப வேற ஏதாச்சும் நல்லதாப் பாத்துக் கேளு. நீ வந்துட்டா வாரத்துக்கு ஒரு நாள் சுத்திப் போறோம், அதுக்கு என்னா இப்ப."

சனிக்கிழமை காலை ஹட்டனிலிருந்து நேரடி பஸ்ஸில் கொழும்பு திரும்பினேன், ஐந்து மணி நேரம், 640 ரூபாய்.

இப்போது போக நினைப்பவர்களுக்கு. ஆகஸ்டில் மழையும் அட்டையும் நிச்சயம், ஆனால் ஹட்டன் பக்கம் கூட்டம் குறைவு. ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெயில் நன்றாக இருக்கும், ஆனால் சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்களால் பஸ்ஸில் நிற்கவும் இடம் கிடைக்காது. உடப்புசல்லாவைப் பக்கம் போகிறவர்களுக்கு மழைக்காலம் வேறு, விசாரித்துக்கொண்டு போங்கள். எந்தத் தோட்டமானாலும் முதலில் கண்டாக்கையாவிடமோ ஆபீசிலோ சொல்லி அனுமதி வாங்குங்கள். மருந்தடித்த மலைக்குள் கால் வைக்காதீர்கள், மரத்தடியில் உட்காரும் முன் குளவிக்கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள், செடியை மிதிக்காதீர்கள். காலுறைக்கு மேல் சவர்க்காரம் தடவினால் அட்டைக்குப் பிடிக்காது. நேற்று எந்த மலையில் கொழுந்தெடுத்தார்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள், என்னைப் போல நீங்களே கணக்குப் போட வேண்டாம். ஜெபிக்கத்தான் போகிறேன் என்று முதலிலேயே நாலு பேர் காதில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் முகத்தில் தண்ணீர் விழும்.

தோட்டத்தின் பெயரைக் கேட்டு எழுதாதீர்கள், சொல்ல மாட்டேன். நீங்கள் எல்லோரும் அங்கே வந்து உட்கார்ந்தால் அந்தப் பெண்கள் எத்தனை மலையைத்தான் சுற்றுவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையின் மூத்த போதகரிடம் போகிறேன் என்று சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார், கூடவே கொஞ்சம் கவலையும் பட்டார். "வீடு லயத்தோட ஒட்டினது ஆச்சே. தனியா ஜெபிக்க இடம் இருக்குமா அம்மா?" என்று கேட்டார்.

"சுத்திப் போக ஆள் இருக்காங்க ஐயா" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும்.